சுங்காய்த் தோட்டத்தில் வந்த வாசனை

பிப்ரவரி தொடக்கத்தில் ஈப்போவுக்குப் போனது மச்சான் மகனின் கல்யாணத்துக்காக. அங்கிருந்து சுங்காய்க்குப் போனது கோபத்தில். புந்தோங் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த என் மனைவி சாந்தியைக் காட்டி, அவளுடைய சொந்தத் தம்பி, மாப்பிள்ளையின் அப்பா, என் காதில் சொன்னான்: "மச்சான், அக்காவ பின்னால உக்கார வைங்க லா. வீடியோ ஓடுது. திடீர்னு வலிப்பு வந்துட்டா?"

தாலி கட்டியதும் கிளம்பிவிட்டோம். அவன் இதைப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

"நான் பொறந்த தோட்டத்தையாவது பாத்துட்டுப் போலாம்" என்றாள் சாந்தி. பழைய சாலையில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், டோல் கிடையாது. வழியில் கம்பாரில் சாப்பாடு, இருவருக்கும் இருபத்திரண்டு மலேசிய வெள்ளி. பசியும் தூக்கக்குறைவும் அவளுக்கு ஆகாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்குச் சற்று முன் சாந்திக்குக் கட்டிப்பால் நாறும். ரப்பர் மரத்துக் கோப்பையில் பால் உறைந்து புளித்த நாற்றம். நாங்கள் இருப்பது கோலாலம்பூர் அடுக்குமாடியில்; அங்கே ரப்பர் மரமே கிடையாது. மூளை கிளப்பும் வாசனை என்றார் மருத்துவர். "வாசன வருது" என்று அவள் சொன்னால் எனக்கு அரை நிமிடம் இருக்கிறது. பதினெட்டு வருடப் பழக்கம்.

சுங்காய் தாண்டி மண்சாலையில் திரும்பினால் எங்கும் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களின் சுவடே இல்லை. அலுத்துத் திரும்ப நினைத்தபோது செம்பனை சட்டென்று முடிந்தது. ரப்பர் மரங்கள்! அவற்றுக்கு இது இலையுதிர்காலம். ஆயிரக்கணக்கான சிவந்த இலைகள் காற்றே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. எதையும் குறை சொல்லும் நானே காரை நிறுத்தி இறங்கினேன்.

சாந்தி உள்ளே நடந்தாள். நின்றாள். "ஏங்க, வாசன வருது."

ஓடினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி, இலைகள்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கல்யாணத்துக்குப் போட்ட என் பட்டுச்சட்டையை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம். ஒரு நிமிடம். எதுவும் வரவில்லை.

பிறகு எனக்கே நாறியது.

மரங்களுக்கிடையே மூட்டை கட்டிய மோட்டார்சைக்கிளில் ரப்பர் பால் வெட்டுபவர் ஒருவர் வந்து நின்றார். "என்னாண்ணே, அக்காவுக்கு மயக்கமா?"

"இவருதான் படுக்க வச்சிட்டாரு" என்றாள் சாந்தி, படுத்தபடியே. "கட்டிப்பால் நாத்தத்துக்கு."

"இதுக்கேவா? எம் பொண்டாட்டி தெனம் என்னைய வாசல்லயே குளிக்க வைக்கிறா லா!"

சாந்தி சிரித்துச் சிரித்து எழுந்து உட்கார்ந்தாள். நான் அவருடைய கட்டிப்பால் மூட்டைமேல் குனிந்து மூச்சை இழுத்தேன். குமட்டியது. மறுபடி இழுத்தேன்.

"இதேதானா?"

"இதேதாங்க."

வலிப்பு வந்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆனால் இந்த நாற்றத்துக்குள் அவள் தனியாகத்தான் போய்வந்திருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: இலை சிவப்பது சில வாரங்கள்தான். மழை பெய்தால் மண்சாலையில் சிறிய கார் வேண்டாம். கூடவருபவருக்கு வலிப்பு இருந்தால் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

வீடு திரும்பிய மறுவாரம் சமையலறையில் "வாசன வருது" என்றாள். படுக்கவைத்து, சட்டையை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தேன். எனக்கு எதுவும் நாறவில்லை. ஆனால் அவள் எங்கே போகிறாள் என்று இப்போது தெரியும்.