அழித்த பென்சில் குறி

"தேர்தல் நடக்கவில்லை. ஓர் உறுப்பினர் கட்சியை விட்டு விலகினார்." ப்ரூஃப் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த அந்தச் சாய்ந்த கையெழுத்து, இருபது வருடங்களுக்கு மேலாகியும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

யாங்கோனில், பபேடான் பேட்டையில் ஒரு மாடியில் இயங்கிய ஆங்கில வார இதழில் நான் வெளிநாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பிழை திருத்தியவர் அலோன் பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. மிஷன் பள்ளியில் படித்தவர். என்னைவிட அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது எனக்கு உள்ளூர உறுத்தலாகவே இருந்தது.

நூறு பேர் கொண்ட அமெரிக்க செனட்டில் அப்போது இரு கட்சிகளும் ஐம்பதுக்கு ஐம்பது. துணை ஜனாதிபதியின் வாக்கு இருந்ததால் சபை ஆளுங்கட்சியின் கையில் இருந்தது. திடீரென்று அது எதிர்க்கட்சிக்குப் போயிற்று. எப்படி என்று விசாரிக்காமல், இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடத்தை இழந்துவிட்டதாக எழுதினேன். அக்கா திருத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். இவருக்கு என்ன தெரியும் என்ற எரிச்சலில், ரப்பரால் அந்தக் குறியை அழித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

வெளிநாட்டு வாசகர் ஒருவர் கிண்டலாகக் கடிதம் எழுதினார். நாங்கள் ஸயா என்று அழைக்கும் ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார்.

"ப்ரூஃப் யாரு பாத்தது?"

"அக்காதான், ஸயா," என்றேன்.

"நான் குறிச்சிருந்தேனே..." என்றார் அக்கா. ஸயா தாளை அவர் முன்னால் போட்டார். அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலோரத்தில் இருந்த அவருடைய மேசை எனக்குக் கிடைத்தது.

போன மாதம் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரின் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பேச்சு பழைய ஆபீசுக்குப் போனது.

"அன்னைக்கு நான் குறிச்ச மாதிரியேதான் இருக்கு, தம்பி. ஆனா தாள்ல இல்லியே. அதுக்கப்புறம் என் கண்ணையே நான் நம்புறதில்ல. கடுதாசி எழுதினாக்கூட யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவேன்."

சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அவருடைய பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க அக்கா," என்று அவருடைய பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

"நீ அப்பவே நல்ல பிள்ளை," என்றார் அக்கா.