கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்ன பொய்

போன மாதம் ஒரு காலையில், ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் எது வந்தாலும் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். 'பேராசிரியர்' என்ற பெரிய வார்த்தையைத் திக்காமல் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வார்த்தை 'வசுமதி'. அதற்கு அடுத்தது 'காலமானார்'. நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு இதுதான்.

மேடத்திடம் படித்த பழைய மாணவர்கள் தாங்கள் போடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத ஒன்பது நாள் ஆயிற்று. என் கையால் எழுதுகிறேன் என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் எழுத வேண்டிய விஷயத்தை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

வசுமதி மேடத்தை உங்களுக்குத் தெரியும். என்னை மறந்திருப்பீர்கள். உளவியல் துறையில் இருபத்தெட்டு வருடம் அட்டெண்டராக இருந்த கன்னியப்பன் நான். உங்கள் கரும்பலகையைத் துடைத்தவன், வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன்.

மற்ற பேராசிரியர்கள் முதல் வருட வகுப்பை, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தலையில் கட்டிவிட்டு எம்.ஏ. வகுப்புக்குப் போய்விடுவார்கள். மேடம் மட்டும் முதல் வருடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "அஸ்திவாரத்துக்குத்தான் நல்ல கொத்தனார் வேணும்" என்பார். தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு முதலில் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கே போவார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பு நடக்கும்போது என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்வார். முடிந்ததும், "எங்க புரியாம போச்சு, சொல்லுங்க கன்னியப்பன்" என்று நோட்டும் பேனாவுமாக நிற்பார். ஒரு நாள், மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிற பாடம். நான் சொன்னேன்: "இன்னா மேடம் இது, மணி அடிச்சா நாய்க்கு ஏன் எச்சி ஊறுது? எங்க தெருவுல மீன்காரன் ஹாரன் அடிச்சா பூனைங்கோ ஓடியாருது. அதுவா?"

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினார். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பாடத்தை மீன்காரரையும் பூனைகளையும் வைத்துத்தான் நடத்தினார். உங்களில் பாதிப் பேர் அந்தப் பூனையைப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள்.

இதைக் கல்லூரி முழுவதும் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒவ்வொரு ஆசிரியரும் மாதம் ஒருமுறை இன்னொருவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், எது போய்ச் சேரவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கே துறையில் மூத்தவரான சபாபதி சார் குதித்தார். "முப்பது வருஷமா நடத்தறேன். எனக்குப் பின்னாடி ஆள் வச்சு வேவு பாக்கணுமா?" கடைசியில், ஒரு நாள் சோதனை செய்து பார்க்கலாம் என்று முதல்வர் ஒத்துக்கொண்டார்.

சோதனை சபாபதி சாரின் வகுப்பில்தான் நடந்தது. முதல்வரும் மற்ற ஆசிரியர்களும் வந்திருந்தார்கள், மேடம் என்னை வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் ஒரு மணி நேரம் தமிழில்தான் பேசினார். ஆனால் அந்தத் தமிழை நான் எங்கேயும் கேட்டதில்லை. என் பக்கத்திலிருந்த பெண் நோட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முதல்வர் கேட்டார்: "யாருக்காவது புரியலையா?" ஒரு கைகூட உயரவில்லை. மேடம் கொஞ்சமும் பதறவில்லை. "கன்னியப்பனைக் கேளுங்க சார். அவர் உள்ளதைச் சொல்வார்" என்றார்.

சபாபதி சார் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது சார்" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அவருக்குத் தினமும் டீ கொண்டுபோய் வைத்து, அவர் எது சொன்னாலும் 'சரி சார்' என்று பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. "அட்டெண்டருக்கே புரியுதாம். அப்புறம் இன்னா குறை?" என்று யாரோ சிரித்தார்கள். அன்றோடு அந்த யோசனை செத்தது.

மேடம் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. அறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். "அம்பது பிள்ளைங்க சொல்லாததை நீங்க மட்டும் எப்படிச் சொல்வீங்க? புரியலைன்னு சொல்ல பயப்படற வகுப்புல பாடமே நடக்கலைன்னு அர்த்தம்" என்றார். பிறகு வருடா வருடம் அதே விண்ணப்பத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். வருடா வருடம் அது திரும்பி வந்தது. ஓய்வு பெறும் வரை அவர் விடவில்லை, அவர்களும் இறங்கி வரவில்லை. சில சமயம் எனக்கு அவர் மேலேயே கோபம் வரும். எதற்கு இந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்கிறார் என்று.

மயிலாப்பூரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். மேடம் எந்தெந்தக் குழுவில் இருந்தார், எந்தெந்த ஊருக்குப் போனார் என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள். முதல் வருட வகுப்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் கைத்தடியோடு சபாபதி சார் இருந்தார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"சார், அன்னிக்கு உங்க கிளாஸ் எனக்கு ஒண்ணுமே புரியல சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "தெரியும்யா. உன் மூஞ்சிலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுக்கினு ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"நீயே புரிஞ்சுதுன்னு சொல்லிட்டே. நான் இன்னாத்த சொல்றது?" என்றவர், எழுந்துகொண்டே, "வசுமதிக்கும் தெரியும்" என்றார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆட்டோவைத் தேடிப் போய்விட்டார்.

அன்று அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். அந்த ஒருவனாக இருக்கச் சொல்லித்தான் மேடம் என்னைக் கைகாட்டினார். இந்த ஆத்திரம் எனக்கு ஆறப்போவதில்லை.

திருவான்மியூரில் நான் எழுத்து படிக்கும் சாயங்கால வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். நான் ஒருவன்தான் ஆண், மற்ற நால்வரும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள், டீச்சர் பாதியில் இருக்கும்போதே கையைத் தூக்கி, "புரியலம்மா" என்றேன். டீச்சர் மறுபடி சொன்னார். மறுபடியும் தூக்கினேன். "தாத்தா, எத்தினி வாட்டி சொல்றது?" என்று அலுத்துக்கொண்டார். "புரியற வரிக்கும் சொல்லும்மா" என்றேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது இது ஒன்றுதான். அதையும் அவர் இருக்கும்போது நான் செய்து காட்டவில்லை. நேற்று டீச்சர் பாடத்தை முடித்துவிட்டு, வழக்கம்போல முதலில் என் பக்கம் திரும்பினார். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, என்னோடு படிக்கும் சரோஜாவின் குரல் கேட்டது: "எனக்கும் புரியல டீச்சர்."