முனை போன ஊசி

என் அக்கா தையல்காரி. அவளுடைய பயம் சாதாரணப் பயம் இல்லை. குக்கர் விசிலடித்தால் கூடத்துக்கு ஓடுவாள். லிஃப்டில் ஏறினால் என் கையைப் பிய்த்துவிடுவாள். அவள் கூசாமல் தொடுவது ஊசியை மட்டும்தான்.

அவளுடைய மருமகள் வாயும் வயிறுமாக இருந்த சமயம் அது. எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். வீட்டுக் காபி மெஷினில் நுரைக்க வைத்த பால் மட்டும்தான் வயிற்றில் தங்கியது. ஒருநாள் காலையில் அந்த நுரையும் வரவில்லை. நீராவிக் குழாய் முனகியது. நாலு பெரிய குமிழி வந்து உடைந்தது.

“அத்தை, இத ஏதாவது பண்ணீங்களா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். அக்காவுக்கோ பழி தன்மேல் விழுந்துவிட்டதாகப் பயம்.

மருமகள் குளிக்கப் போனதும் ஃபிரிட்ஜிலிருந்து ஜில்லென்ற பாலை ஊற்றிப் பார்த்தாள். குழாயை ஆழமாக முக்கினாள், மேலே தூக்கினாள். ம்ஹூம். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, குழாயின் நுனியைப் பார்த்தாள். துளைகளில் பழைய பால் காய்ந்து அடைத்திருந்தது. தையல்காரிக்கு வேறென்ன தோன்றும்? ஊசியை விட்டு நெம்பினாள். மறுபடி போட்டதும் ஆவி சீறியது. பால் மெத்தென்று நுரைத்துப் பொங்கியது.

“பலே அத்தை! நீங்களே சரி பண்ணிட்டீங்களா?” மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பால் கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

ஊசியைத் திரும்ப வைக்கப் போனபோதுதான் அக்கா பார்த்தாள். முனை இல்லை.

சொன்னால் என்ன நினைப்பாளோ என்று ஒரு பயம், முனை பாலோடு உள்ளே போயிருக்குமோ என்று ஒரு பயம். அந்த நேரத்திலும் யோசித்தாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான். மருமகள் இன்னொரு மடக்கு விழுங்கினாள்.

“குடிக்காதடி! ஊசி!”

கோப்பையைப் பிடுங்கினாள். தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கும் காந்தத்தை எடுத்துப் பாலுக்குள் விட்டுத் துழாவினாள். ஒன்றும் ஒட்டவில்லை. மருமகள் வயிற்றைப் பிடித்தபடி சுவரோரம் வெளிறிப்போய் நின்றாள். அக்கா அடிவரை விட்டு மறுபடி துழாவினாள். காந்தத்தின் ஓரத்தில் மினுக்கென்று ஒட்டிக்கொண்டு வந்தது முனை.

“கெடைச்சிடுச்சுல்ல, விடுங்க அத்தை” என்றாள் மருமகள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

பேரன் பிறந்து இப்போது ஓடியாடுகிறான். இன்றும் அக்கா எதைக் கொடுத்தாலும், வாயில் வைக்கும் முன் மருமகள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுகிறாள். பிள்ளையின் பால் என்றால் இரண்டு முறை. அக்கா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.