தங்கச்சியின் பனையில் என் ஏரியல்

கடையில் பெட்டியோடு கிடைக்கும் ஒரு பொருளை, அதைவிடக் கூடிய செலவில், அதைவிடக் குறைந்த தரத்தில், மூன்று மாதம் பிந்திப் பெற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் சொந்தக் கையால் வானொலி கட்டுவது. நான் சொல்வது பாட்டுக் கேட்கிற வானொலி இல்லை. பேசவும் கேட்கவும் கூடிய, சோதனை எழுதி உரிமம் எடுத்தவர்கள் மட்டும் வைத்திருக்கக்கூடிய அமெச்சூர் வானொலி. நாங்கள் சுருக்கமாக 'செற்' என்போம். காலையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பேன். பின்னேரம், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் நாரந்தனையிலுள்ள வீட்டில், அடுப்புக்குப் பக்கத்துக் குசினி மேசையில் செற் கட்டுவேன். மற்றவர்கள் கட்டிக் கெடுத்ததைத் திருத்தியும் கொடுப்பேன். ஒரு வளையத்தில் செப்புக் கம்பியை இருபத்தேழு சுற்றுச் சுற்றவேண்டிய நேரத்தில், பத்தொன்பதாவது சுற்றில் "சீனி எங்கை கிடக்கு?" என்று யாரோ கேட்டு எண்ணிக்கையைத் தொலைத்தவர் எவராவது இதை வாசித்தால், அவர் எனக்குச் சொந்தம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஐயா நிக்கிறாரோ?

யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒருவர் தானே கட்டிய செற்றைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வாசல் படலையடியில் நின்ற என்னிடம், "ஐயா நிக்கிறாரோ?" என்றார். ஐயா என்றால் என் கணவர். தபால் கந்தோரில் வேலை. வீட்டில் ஒரு பல்ப் போனாலும் என்னைக் கூப்பிடுகிறவர். வந்தவர் மனம் நோகக்கூடாது என்று இவர் கதிரை போட்டு உட்கார்ந்து, செற்றில் குரல் ஏன் தகரப் பேணிக்குள் பேசுவதுபோல வருகிறது என்ற விளக்கத்தை அரை மணி நேரம் கேட்டார். இடையிடையே "ஓம், ஓம், அது அப்பிடித்தான்" என்று வேறு சொன்னார்.

அந்த அரை மணி நேரத்துக்குள் நான் பெட்டியைக் கழற்றி, பிழையான இடத்தில் இருந்த ஒரு கொண்டென்சரை எடுத்துவிட்டு, சரியானதை வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்றாசு பிடித்து மூடியும் விட்டேன். வந்தவர் பேசிப் பார்த்தார். குரல் மணிபோல் வந்தது. எழுந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாராக்கும், இவரைப் பார்த்தே சொன்னார்: "உங்களுக்கென்ன ஐயா, பற்றாசு வைக்கிற சின்ன வேலையளுக்கு வீட்டிலயே ஆள் இருக்குது."

உறுதியில் இல்லாத கம்பி

செற் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் ஏரியல் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. ஏரியல் என்பது ஒரு நீளக் கம்பி. எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு தூரம் குரல் போகும். என் காணியில் நிற்பவை வளராத குட்டைப் பனைகள், வடலிகள். நெடும்பனை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம், ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி வதனியின் காணியில். சீதனம் பிரித்துக் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் எழுதியபோது எனக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வந்தது, அவளுக்குப் பனை போனது. அன்றைக்கு நான் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பனையைக் கேட்டால் தந்திருப்பாள். கேட்பதற்குத்தான் வழி இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அம்மா செத்தபோது வதனிக்கு மூன்றாம் நாள் வந்து சேரத்தான் விமானம் கிடைத்தது. சொந்தக்காரர்கள் இரண்டாம் நாளே எடுத்துவிடுவோம் என்றார்கள். நான் தலையாட்டினேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. அவள் ரொறன்ரோ விமான நிலையத்தில் நின்றபடி எல்லாவற்றையும் போனில் பார்த்துவிட்டு, பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அதோடு பேச்சு நின்றது. நான் அனுப்பும் செய்திகளுக்கு இரண்டு நீலக் குறி விழும், மறுமொழி விழாது. அவளோடு ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. அதற்கு நான் கட்டிய ஒரு செற்றும் உதவவில்லை.

பனை ஏறும் சின்னராசா அண்ணைதான் வதனியின் பூட்டிய வீட்டையும் பார்த்துக்கொள்கிறார். கம்பி கட்டுவதற்கு அவரைக் கூப்பிட்டபோது, "அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்கவேணும் அண்ணை" என்று இழுத்தேன். நான் இழுத்து முடிப்பதற்குள் அவர் கம்பியின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு பாதிப் பனை ஏறிவிட்டார். அங்கே நின்றபடி கீழே பார்த்துச் சொன்னார்: "உறுதி எழுதினது நிலத்துக்குத்தான் பிள்ளை. உயரத்தில போற கம்பிக்கு ஆர் உறுதி எழுதினது?"

இலையான்

கம்பியின் ஒரு நுனி பனை உச்சியில். மற்ற நுனி சரிந்து இறங்கி, பின்வேலிப் பூவரசில் ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் முடிகிறது. வேலிக்கு அப்பால் பிலோமினா அக்கா வீடு. அவருடைய மனிசன் கடலுக்குப் போகிறவர், அதனால் அந்த முற்றத்தில் இலையானுக்கு, அதுதான் ஈக்கு, எப்போதும் குறைவில்லை.

ஒரு நாள் பின்னேரம் நான் பேசத் தொடங்கியதும் செற்றின் கடைசி ரான்சிஸ்ரர் 'டப்' என்று வெடித்தது. இரண்டு நாள் செற்றைப் பிரித்து மேய்ந்தேன். குறை ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்று போட்டேன், அதுவும் வெடித்தது. மூன்றாவதையும் பலி கொடுத்த பிறகுதான், பதினைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு வெளியே போய்க் கம்பியைப் பார்க்கலாம் என்ற ஞானம் வந்தது. பின்வேலிக் கரையில், கீறி உப்புப் போட்ட திருக்கை மீன் துண்டுகள் என் ஏரியலில் வரிசையாகத் தொங்கின. பிலோமினா அக்காவைக் கூப்பிட்டு, நான் பேசும்போது இந்தக் கம்பியில் மின்சக்தி ஓடுகிறது, தொட்டால் கை வேகும், ஈரம் தொங்கினால் என் செற்றும் போகும் என்று ஒரு பாடமே நடத்தினேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. முடிந்ததும் முகம் தெளிந்து சொன்னார்: "அதுதானே பாத்தனான் ரீச்சர், உங்கட கம்பியில காயிற கருவாட்டில மட்டும் ஒரு இலையானும் மொய்க்கிறேல்லை!"

சீருடைக்காரர்

கம்பி ஏறினால் சீருடை வரும். தீவுப்பகுதியில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். உரிமத்தைக் காட்டினேன். முன்பக்கம் வாசித்தார்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதையும் கவனமாகப் பார்த்தார்கள். செற்றைப் பார்த்தார்கள், பனையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்ன வானொலியை எடுத்து மேசையில் வைத்து, உடைந்த தமிழில் சொன்னார்: "ரீச்சர், இது கிரிக்கெட் வராது. கொஞ்சம் பார்க்க முடியுமா?"

யப்பானில் வெய்யிலாம்

மூன்று மாதம் கட்டி, மூன்று ரான்சிஸ்ரர் வெடித்து, கருவாடும் அகற்றிய அந்தச் செற்றில் ஒரு பின்னேரம் யப்பானிலிருந்து ஒருவர் எனக்கு மறுமொழி சொன்னார். என் குரல் தெளிவாகக் கேட்கிறது என்றார். தன் பெயரைச் சொன்னார், அங்கே அன்று பகல் முழுக்க நல்ல வெய்யில் என்றார், நன்றி சொல்லிப் போனார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்காது. நான் குசினிக்குள் நின்று துள்ளினேன். தீப்பெட்டி அளவு சாமான்களும் ஒரு கம்பியும் சேர்ந்து ஆறாயிரம் கிலோமீற்றர் போயிருக்கின்றன! வேறெவருக்கும் அந்த ஆனந்தம் விளங்காது. வாசிக்கும் உங்களில் சிலருக்கு விளங்கும். உங்களுக்கும் வீட்டில் பைத்தியப் பட்டம் கிடைத்திருக்கும்.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் சொல்லாமல் இருக்க ஏலவில்லை. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். எங்கள் சங்கீத ரீச்சர் மட்டும் கொப்பி திருத்துவதை நிறுத்தாமல் கேட்டார்: "கூடப் பிறந்தவளோட நாலு வரியமாக் கதையில்லை, ஆரெண்டு தெரியாத யப்பான்காரனோட வெய்யிலைப் பற்றிக் கதைச்சனீங்களோ?" எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

உப்புக் காத்து

போன வருடம் பக்கத்து ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் கள்ளர் புகுந்தார்கள். உடனே வதனி தன் வீட்டைச் சுற்றி நான்கு கமரா பூட்டுவித்தாள். அவளுக்குக் காலை விடியும்போது எங்களுக்குப் பின்னேரம். தேத்தண்ணியும் கையுமாக இருந்து போனில் தன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பாளாம். நான் செற்றில் பேசுகிறதும் அதே நேரம். படம் முதலில் கோடு கோடாகி, பிறகு கறுத்துப்போகிறது என்று முறைப்பாடு வந்தது. எனக்கில்லை, சின்னராசா அண்ணைக்கு. நகரத்திலிருந்து கமராக்காரர் மூன்று தடவை வந்தார். வயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கடைசியில் எங்கள் தீவில் துருப்பிடித்த ஆணி முதல் முறிந்த கல்யாணம் வரை எல்லாவற்றுக்கும் சொல்லும் காரணத்தைச் சொன்னார்: உப்புக் காத்து.

வேலிக்கு இந்தப் பக்கம் மைக்கைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே எனக்குத் தெரியும். கமராவின் வயர் அதே பனையடியால், என் ஏரியலுக்குக் கீழாலேயே போகிறது. என் குரல் அதற்குள் புகுந்து படத்தைத் தின்கிறது. ஆனாலும் இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. அவள் மன்னிக்காத ஒன்று ஏற்கனவே இருக்கும்போது இரண்டாவதையும் கையில் கொடுக்கப் பயந்தேன். கடைசியில் மனம் கேட்காமல் சின்னராசா அண்ணையிடம் சொன்னேன். பரிசோதித்துப் பார்ப்போம் என்றார். அவர் வதனியின் முற்றத்தில் போனில் அவளோடு. நான் என் சன்னலடியில் மைக்கோடு. நான் பொத்தானை அழுத்தி "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்பேன். படம் மறைந்ததும் அவர் "போட்டுது!" என்று கத்துவார். விடுவேன். "வந்திட்டுது!" ஒழுங்கைச் சனம் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

அவருடைய போனிலிருந்து வதனியின் குரல் வந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை கேட்கிறேன். சொல் ஒன்றும் பிடிபடவில்லை, குரல் மட்டும். அவள் இன்னும் ஒரு தடவை ஏதாவது சொல்லட்டும் என்று நான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். பன்னிரண்டாவது தடவைக்குப் பிறகு சின்னராசா அண்ணை போனைக் கீழே பிடித்துக்கொண்டு வேலியடிக்கு வந்தார்: "பிள்ளை, அவவுக்கும் விளங்கீட்டுது, எனக்கும் விளங்கீட்டுது. உமக்குத்தான் இன்னும் விளங்கேல்லையோ?"

ஆறு வளையம்

பழைய கொம்பியூட்டர் வயர்களின் நுனியில் ஒரு புடைப்பு இருக்குமே, அதற்குள் ஒரு கறுப்பு வளையம் கிடக்கிறது. வயருக்குள் வேண்டாத சத்தம் புகாமல் தடுப்பது அதுதான். பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட கொம்பியூட்டர்களிலிருந்து, அதிபரிடம் கேட்டு, ஆறு வளையம் உடைத்து எடுத்தேன். சின்னராசா அண்ணை கல்யாண வீடு என்று நெடுந்தீவுக்குப் போயிருந்தார். நானே ஏணி வைத்து, கமரா பார்க்காத வேலிப் பக்கத்தால் எட்டி, ஆறையும் வதனியின் வயரில் மாட்டினேன். செய்தி அனுப்பினால் நீலக் குறிதானே விழும், அதனால் அவளுக்குச் சொல்லவில்லை. பிறகு பின்னேரம் பின்னேரமாக நல்ல மனச்சாட்சியோடு செற்றில் பேசினேன். அவள் இனி நிம்மதியாகத் தன் வீட்டைப் பார்ப்பாள் என்று சந்தோசம். அவளுக்கும் எனக்கும் நடுவில் மிஞ்சியிருந்த ஒரே தொடர்பையும் நானே அறுத்துவிட்டேன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அன்று செற்றைப் போட மனமே வரவில்லை.

ஆறாம் நாள் பின்னேரம் போன் அடித்தது. திரையில் வதனியின் பெயர். அவசரத்தில் முதலில் தவறான பக்கம் இழுத்துவிட்டேன். திரும்பவும் அடித்தது. வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. "அக்கா, அஞ்சு நாளாக் கமரா ஒருக்காலும் மறையேல்லை. உங்களுக்கு ஏதும் காய்ச்சல் வருத்தமோ?" என்றாள்.

வருத்தம் ஒன்றும் இல்லை, வளையம் மாட்டினேன் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் தானாகவே, "அம்மாவுக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம், வதனி. பிழை என்னிலதான்" என்று சொல்லிவிட்டது. எத்தனையோ இரைச்சலுக்குள் குரல் தேடிப் பழகிய எனக்கு, அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. நானும் அழுதுவிட்டேன். பிறகு அவள் சொன்னாள்: "அதை ஆறுதலாக் கதைப்பம் அக்கா. முதல் அந்த வளையங்களைக் கழட்டி விடுங்கோ. படம் போனால்தான் நீங்கள் சுகமா இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய செற்றைத் திருத்திக் கொடுத்துக் குறை கேட்டிருக்கிறேன், ஆனால் திருத்தியதைத் திரும்பக் கெடுத்து ஒருவரை முழுத் திருப்தியாக்கியது இந்த ஒரு தடவைதான்.