மலைக்குச் சப்பாத்து வாங்க வந்தவர்கள்

சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆட்களின் முகம் பிறகுதான் ஞாபகம் வரும். முதலில் கால்தான் வரும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கிற எங்கள் கடைக்கு மலையேறப் போகிறவர்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது ட்ரெயில் சப்பாத்து. காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களுக்காகச் செய்தது. பாரமில்லை, அடியில் சேற்றைப் பிடிக்கிற பற்கள் இருக்கும். ஓடாமல் சும்மா நடக்கிறவர்களும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். கடிக்கிற சப்பாத்தோடு ஒரு கலியாண வீட்டிலாவது சிரித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்தானே? அப்படியென்றால் நீங்களும் எங்கள் ஆள்தான். உங்களுக்குச் சொல்லலாம்.

காலையில் வந்த கால்

அவர் ஒரு வங்கி முகாமையாளர். கடை திறந்த கையோடு, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னேரம் வாருங்கள் சேர் என்றேன். நாள் முழுக்க நின்று நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையில் இன்னும் வீங்கும், அந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குக் கூட்டம் இருந்தது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் விடுங்கள் என்றும் சொன்னேன். அப்படி விட்டால் தொளதொளவென்று இருக்கிறதாம். வங்கிக் கந்தோருக்குப் போடுகிற அளவையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நக்கிள்ஸ் மலைக்குப் போய்விட்டு ரப்பர் செருப்போடு திரும்பி வந்தார். பெருவிரல் நகம் இரண்டும் நாவற்பழ நிறம். சண்டை பிடிப்பார் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, யாருடையவோ கால்களைப் பார்ப்பதுபோல் தன் கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஏறேக்க ஒண்டும் தெரியேல்ல பிள்ளை. இறங்கேக்கதான் என்ர கால் இவ்வளவு நீளமெண்டு விளங்கிச்சுது."

நடந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றவர்

ஐம்பது வயதிருக்கும், கணித ரீச்சர். கணவர் இறந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கூடப் படித்த தோழிகள் மலைமேல் இருக்கிற ஹோட்டன் சமவெளிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போவதா விடுவதா என்று இன்னும் முடிவில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு சோடியும் எங்கேயோ பிடித்தது. ஒன்று குதியில், ஒன்று சின்ன விரலில், ஒன்று எங்கேயென்று சொல்லத் தெரியாத இடத்தில். கடைசியாகப் போட்ட சாம்பல் நிறச் சோடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியில் கொஞ்சம் நடந்து பார்க்கலாமா என்று கேட்டார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சந்தி வரைக்கும் போய் வாருங்கள் என்றேன். செருப்பையும் கைப்பையையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

போனவரைக் காணவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் நின்று பார்த்தாலும் அதன் முடிவில் ஒரு துண்டுக் கடல் தெரியும்; இடைக்கிடை ஒரு ரயில் வந்து அந்தத் துண்டை மூடிவிட்டுப் போகும். மழை வரப்போகிற வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் அந்த அம்மா அப்படியே நடந்து போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. முதலாளி திரும்பி வந்து, இது யாருடைய செருப்பு என்று கேட்டார். அந்த நேரம்தான் ரீச்சர் வந்தார். சப்பாத்தில் மணல், சேலைக் கரையில் ஈரம், பகல் தூக்கத்திலிருந்து எழும்பி வந்தவரின் முகம். "தண்டவாளத்துக்கு அங்கால கல்லில இருந்து கடலைப் பார்த்திட்டு வாறன். கால் எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்துபோனன். இதையே தாங்கோ, நான் போகத்தான் போறன்."

பலகைச் சரிவு

எங்கள் கடையில் ஒரு மூலையில் பலகையால் செய்த சின்னச் சரிவு இருக்கிறது. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அதில் கீழ் நோக்கி இறங்கிப் பார்க்க வேண்டும். விரல் முன்னால் போய் முட்டினால் அந்த அளவு சரிவராது. அந்தப் பலகையைத் துடைத்து வைப்பது செல்வராணியின் வேலை. ஹப்புத்தளை மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கடைக்கு வேலைக்கு வந்த பிள்ளை. மலைக்குப் போய் வந்தவர்கள் போனில் படம் காட்டுவார்கள். தேயிலைச் சரிவு, பாதி மறைந்த லயத்து வீட்டு வரிசை, அதற்கு மேலே பனிமூட்டம். சொர்க்கத்தில் பிறந்திருக்கிறாய் என்று ஒருவர் அவளிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போனாள்.

ஒரு மழைப் பின்னேரம், கடையில் யாருமில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, காலி வீதி பஸ்கள் எல்லாம் நிறமாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தால், செல்வராணி ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பலகையில் கண்ணை மூடி நிற்கிறாள். எங்கே போய்விட்டாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போகிற குறுக்குப் பாதையில் நிற்பதாகச் சொன்னாள். அது எப்படியிருக்கும் என்று கேட்டால், கல்லையும் சேற்றையும் காலைக் கடிக்கிற அட்டையையும்தான் அவளால் சொல்ல முடிந்தது. மலை எப்படியிருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். கண்ணைத் திறந்தாள். "அங்க இருந்தப்ப கீழ பாத்துத்தான் நடந்தோம் அக்கா, வழுக்கிரும்ல. மலையை நிமிந்து பாத்ததே கொழும்புக்கு வந்து, இவங்க போன்லதான்."

வலிக்காத கால்

பிரான்சிஸ் அங்கிள் எங்கள் கொட்டாஞ்சேனை ஆள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வானம் கழுவினதுபோல் இருக்கிற சில விடியல்களில், கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் நகரத்துக்கு அப்பால், கிழக்கே, நீலமாக ஒரு முக்கோணம் தெரியுமாம். சிவனொளிபாதமலை. வெயில் ஏறியதும் அது இல்லாமல் போய்விடும். கீழே நிற்கிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்களாம். வேலை முடிந்ததும் அதன் மேல் ஒருமுறை நிற்க வேண்டும் என்று வைத்திருந்தார். அதற்குள் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து, பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. போகலாம், ஆனால் ஒரு கொப்புளம் கூட வரக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய அண்ணனுக்கு அப்படி ஒரு கொப்புளத்தால்தான் கால் எடுத்தார்கள்.

நான் ஒவ்வொரு சோடியாகப் போட்டுவிட்டு, எப்படி என்று கேட்டேன். எல்லாமே சுகமாக இருக்கிறது என்றார். இத்தனை வருசமும் மற்றவர்கள் சொல்கிற வலியை வைத்துத்தான் நான் தொழில் செய்திருக்கிறேன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அங்கிளின் மனைவி மெர்சி அன்ரி அதுவரை பக்கத்துக் கதிரையில் இருந்தவர், எழுந்து வந்தார். அவரைக் கடைக்குள் நடக்கவிட்டு, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துச் சிவப்பு இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தார். சப்பாத்துக்குள் கையை விட்டுத் தையலைத் தடவினார். விரல்கள் விரிய இடமிருந்த, அகலமான ஒரு சோடி மட்டும் எந்த அடையாளமும் வைக்கவில்லை. நான் பழக்கத்தில் மறுபடியும் அங்கிளிடம் சுகமா என்று கேட்டேன். அன்ரி நிமிராமலே சொன்னார்: "அவரைக் கேக்காதீங்க மகள். அவர் காலுக்கு நான்தான் வாய்."

பாதி வழியில்

கனடாவிலிருந்து மகள் வரும் வரைக்கும் இருவரும் பின்னேரங்களில் காலிமுகத்திடலில் நடந்து பழகினார்கள். பிறகு மூன்று பேருமாகப் போனார்கள். நடந்ததை அங்கிள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஆறுதலாக ஏறியிருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடை வருகிற இடமெல்லாம் அன்ரி சப்பாத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மேலே அடிக்கிற மணி காதுக்குக் கேட்கிற இடத்தில், சின்ன விரலோரம் மல்லி விதையளவு சிவப்பு. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் இன்னும் போகலாம் என்றுதான் சொன்னது. மகள் அழுதிருக்கிறாள். அன்ரி பாதத்தை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கிள் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தார். மூட்டம் விலகி, உச்சி தெரிந்து, மறுபடியும் மூடும் வரைக்கும் பார்த்தார். பிறகு இறங்கலாம் என்று அவரே சொன்னாராம்.

சிவப்பு கொப்புளமாகவில்லை. என் கண்ணால் பார்த்தேன், தோல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் நான் எடுத்துக் கொடுத்த சப்பாத்து அவரைப் பாதியில் திருப்பிவிட்டதே என்றுதான் எனக்குப் பட்டது. குனிந்து, அந்தச் சின்ன விரல் பக்கத்து ஓட்டையை விட்டுவிட்டுச் சப்பாத்துக் கயிற்றை மாற்றிக் கோத்தேன். அப்படிச் செய்தால் அந்த இடம் இளகும். மன்னித்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்றேன். அவர் என் தலைக்கு மேலே, வீதியையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "மலை எங்கயும் போகாது மகள், கால்தான் போயிடும். நீங்க வடிவா இளக்கித் தாங்க, அடுத்த சீசனுக்குப் பாப்போம்."

எந்தச் சப்பாத்து சுகம் என்று என்னைக் கேட்டுக்கொண்டு ஊரே மலைக்குப் போய் வருகிறது. நாள் முழுக்க நின்று பதில் சொன்ன நானோ, வீட்டுக்குப் போய் இரண்டு காலையும் சுடுதண்ணி வாளிக்குள் விட்டுக்கொண்டு, எழும்பி வருகிற ஆவியை மூட்டம் என்று நினைத்துக்கொள்கிறேன்.