ஆடிக்கு முப்பத்தொரு நாள், என் கடிதத்துக்கு முப்பது

"எங்களுக்கு ஆடியே கிடையாதேம்மா" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அந்த நொடியில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது புரியாது.

1. நான் செய்த காப்பி

நான் கம்பெனி செக்ரட்டரி. தேர்வு முடித்து மூன்றாவது வருடம். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலை. எனக்கு மேலே சார் ஒருவர், கீழே ஒரு ஜெராக்ஸ் கடை.

தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று எங்கள் கிளையன்ட். கடை முதலாளி எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் மகன் செந்தில் ஆன்லைனில் சேலை விற்கத் தனியாக ஒரு பிரைவேட் கம்பெனி தொடங்கினார். அதில் அப்பாவும் மகனும் மட்டும்தான் டைரக்டர்கள். கம்பெனி ஓட ஆரம்பித்ததும் செந்தில் வந்து கேட்டார்: "மேடம், கடையிலேர்ந்து என்கூட வந்த ஒம்போது பேருக்கு எசாப் குடுக்கணும். ஐடி கம்பெனிக்காரன் மட்டும்தான் குடுக்கணுமா என்ன?"

எசாப் என்பது பிற்காலத்தில் கம்பெனியின் பங்கை முன்பே பேசிய விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை. அன்றைக்கே முழுசாகக் கைக்கு வராது. இவர்களுக்கு நாலு வருடம், வருடத்துக்குக் கால் பாகம் என்று வைத்தோம். அப்படிப் பாகம் பாகமாக உரிமை சேர்வதை 'வெஸ்ட்' ஆவது என்போம்.

எனக்கு ஒரே உற்சாகம். சேலை மடிப்பவருக்கும் பார்சல் ஒட்டுபவருக்கும் பங்கு. இரண்டே நாளில் ஸ்கீமும் கடிதமும் தயார். எப்படி அவ்வளவு வேகம்? ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போட்ட டிராஃப்டை எடுத்துப் பெயரை மாற்றினேன். அதில் ஆறாவது ஷரத்து, எங்கள் பாஷையில் கிளாஸ்: கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பித் தராவிட்டால் ஆப்ஷன் லாப்ஸ், அதாவது அந்த உரிமையே காலாவதி.

ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது என்று அண்ணாச்சி கறாராக இருந்ததால் ஆனி கடைசி நாளே, நல்ல நேரம் பார்த்து, ஒன்பது பேர் கையிலும் கடிதத்தைக் கொடுத்தோம். நானே நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினேன். "ஏதாவது டவுட்?" என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆஹா, நன்றாகப் புரியவைத்துவிட்டோம் என்று மாம்பலம் ஸ்டேஷன் வரை மிதந்துகொண்டு போனேன்.

மறுநாள் ஆடி. தள்ளுபடி சேல். கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஒன்பது பேரும் ஆவணி முதல் தேதி காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வருடம் ஆடிக்கு முப்பத்தொரு நாள். இரண்டு நாள் தாமதம். கடிதங்களை வாங்கி ஃபைலில் வைத்தது நான். எண்ணிப் பார்க்காததும் நான்.

2. ஆரோக்கியதாஸ்

ஒன்பது பேரில் மூத்தவர் ஆரோக்கியதாஸ். சாந்தோம்காரர். முப்பது வருடமாக அண்ணாச்சிக்குச் சேலை பொறுக்கித் தருபவர். காஞ்சிபுரம், ஆரணி எங்கே போனாலும் அவர் விரல் பட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் கொள்முதல். செந்திலின் கம்பெனி ஊழியர் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும்.

கடிதம் கொடுத்துப் பதினைந்தாவது மாதம் அவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு இழுத்துக்கொண்டது. இனி வேலைக்கு வர முடியாது என்று மெடிக்கல் சான்றிதழும் வந்தது. இங்கே சட்டம் கொஞ்சம் கருணையானது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக முடங்கிப்போனால், கொடுத்த ஆப்ஷன் முழுவதும் அன்றைக்கே வெஸ்ட் ஆகிவிடும். மீதி வருடங்களுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதே நேரத்தில் செந்தில் கம்பெனிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். அவருடைய வக்கீல் ஃபைல்களைப் புரட்டி ஒரே வரியில் மெயில் போட்டார்: ஒன்பது ஏற்புக் கடிதமும் காலம் கடந்தவை, ஆப்ஷன் எல்லாமே லாப்ஸ், பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

எட்டுப் பேருக்குப் பிரச்சினை இல்லை. புதுக் கடிதம் கொடுத்துவிடலாம். ஆனால் ஊழியராக இருப்பவருக்குத்தான் எசாப் தர முடியும். ஆரோக்கியதாஸ் இப்போது ஊழியர் இல்லை. அவருக்கு அந்தப் பழைய கடிதம்தான் எல்லாம். அது போனால் போனதுதான்.

என் சார் மெயிலைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "லாப்ஸ்னு நாமளே எழுதிண்டு, இப்போ இல்லேன்னு எப்படிம்மா வாதாடறது? பாவம்தான். ஆனா கிளாஸ் கிளாஸ்தான்."

செந்தில் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், தாஸ் அண்ணன் லெட்டர்ல மட்டும் தேதிய கொஞ்சம் முன்னாடி போட்டுட்டா?"

"அவரு இப்ப எந்தக் கையால சார் போடுவாரு?"

"சாரி மேடம்" என்று போனை வைத்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தப்பும் அவருடையது இல்லை. கிளாஸ் என்னுடையது.

3. டீச்சரின் போன்

இரண்டு நாள் கழித்து ஆரோக்கியதாஸின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் மாடியேறி வந்தார். பள்ளிக்கூட டீச்சர். கையில் என் கடிதம். அதில் சிவப்பு மையில் நாலு இடத்தில் என் ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தார்.

"வக்கீலாம்மா நீ?"

"இல்ல டீச்சர், கம்பெனி செக்ரட்டரி."

"யாரா இருந்தா என்ன. வாக்கியத்த முடிக்கவே மாட்டேங்குற. தேதிய மாத்திக்கலாமான்னு செந்தில் தம்பி கேட்டாரு. பொய்க் கையெழுத்துல வர்றது எங்களுக்கு வேணாம். நெசக் கையெழுத்துல வர்றத விடவும் மாட்டேன்."

நான் ஆடிக் கதையைச் சொல்லி, எல்லோரும் நல்ல நாளுக்காகக் காத்திருந்ததில்தான் இப்படி ஆனது என்றேன். அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"எங்களுக்கு ஆடியே கிடையாதேம்மா. நாங்க மாதா கோயில்காரங்க. கடிதம் வந்த அன்னிக்கே பேனாவ எடுத்தாரு. அப்புறம் அண்ணாச்சி சொன்னாருன்னு மூடி வெச்சாரு."

"அண்ணாச்சி சொன்னாரா? எப்ப? எப்படி?"

டீச்சர் போனில் கடை ஸ்டாஃப் குரூப்பைத் தேடி எடுத்தார். ஆடி மூன்றாம் தேதி. தள்ளுபடி இரைச்சலுக்கு நடுவே அண்ணாச்சி குரல்: "எல்லாரும் கேளுங்க. கம்பெனி பேப்பர்ல ஆடியில ஆரும் கையெழுத்து போட வேண்டாம். ஆவணி ஒண்ணு, காலையில நேரம் நல்லா இருக்கு. அன்னைக்குப் போட்டுக் குடுங்க, நான் வாங்கிக்கிடுதேன்." அதற்குக் கீழே செந்தில் போட்ட கட்டைவிரல் பொம்மை.

இரண்டு டைரக்டர்கள், இரண்டு பேருமே. கெடு முடியும் முன்பே.

ஆறாவது கிளாஸை மறுபடி எடுத்தேன். நான் படிக்காமலே காப்பி அடித்த வால் ஒன்று அதில் இருந்தது: "அல்லது போர்டு அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள்." போர்டு என்றால் அந்த இரண்டு டைரக்டர்கள்தான்.

4. வீடியோ கால்

ஒரே லேப்டாப் முன்னால் அண்ணாச்சி, செந்தில், சார், நான். முதலீட்டாளரின் வக்கீல் பெங்களூரில் வளர்ந்த தமிழர், மரியாதையானவர், விடாக்கண்டர். "மேடம், தம்ஸ் அப் எப்ப போர்டு ரெசல்யூஷன் ஆச்சு?"

"ஆகல சார். ஆனா கம்பெனி என்ன நினைச்சதுங்கறதுக்கு அது சாட்சி. ஆவணி ஒண்ணாம் தேதி லெட்டர வாங்கி, அன்னிக்கே ஆப்ஷன் ரிஜிஸ்டர்ல பதிஞ்சிருக்கோம். போன மார்ச் பேலன்ஸ் ஷீட்லயும் இருக்கு. கூடுதல் காலம் குடுத்தத இப்ப போர்டு கூடி உறுதி பண்ணும்."

"மத்தவங்களாவது அவங்க நம்பிக்கைக்காக வெயிட் பண்ணாங்கன்னு சொல்லலாம். மிஸ்டர் தாஸ் கிறிஸ்டியன். அவர் ஏன் லேட்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி கேமராவுக்குள் முகத்தை நீட்டினார். இவ்வளவு நேரம் இவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை என்று நினைத்திருந்தேன்.

"வக்கீலய்யா, நான் சொன்னேன், அவன் கேட்டான். முப்பது வருசமா நான் சொல்லி எதை அவன் கேக்காம இருந்தான்? அவனுக்கு ஆடி ஏது? ஆடி எனக்குல்லா. தப்புன்னா அது என் தப்பு, அவன் பங்குல ஏன் கை வைக்கீக?"

வக்கீல் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "போர்டு மீட்டிங் மினிட்ஸ் அனுப்புங்க மேடம். அதுல தேதி இன்னிக்குத் தேதியாவே இருக்கணும்" என்றார்.

"இன்னிக்குத் தேதிதான் சார்" என்றேன். செந்தில் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் முடிந்ததும் சார் இரண்டு காபி வாங்கிவரச் சொன்னார். "அந்த வால நானும் படிக்கலம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

5. இனி

நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம். யாரோ ஒருவருக்கு எழுதிய முப்பது நாளை இன்னொருவர் தலையில் கட்டாதே. நாள் எண்ணிக்கை எழுதாதே, தேதியை எழுது. எழுதும் முன் சுவரிலிருக்கும் தினசரி காலண்டரைப் புரட்டு. அப்புறம், "டவுட் இருக்கா?" என்று கேட்டு யாரும் பேசாவிட்டால் அது புரிந்ததற்கு அடையாளம் இல்லை.

பாலவாக்கம் கோடவுனில் பார்சல் கட்டும் ஆறு பெண்களுக்கு அடுத்து எசாப் தருகிறார் செந்தில். கடிதத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதினேன். போன ஞாயிறு பூசை முடிந்த பிறகு சாந்தோம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பங்கு வாங்கும் படிவத்துக்காக ஆரோக்கியதாஸ் இடது கையால் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். டீச்சரின் நாலு கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக அவர் பெயர். டீச்சர் சிவப்புப் பேனாவோடு என் கடிதத்தை உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டார். சேலையைப் பொறுக்குகிற அதே பொறுமை. முடித்ததும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டார்:

"கையெழுத்து போடலன்னா இன்னா ஆவும்னு எங்க எழுதிக்கீது?"

கடைசிப் பத்தியில் இருந்தது. காட்டினேன். அவர் தலையாட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அதை எடுத்து முதல் வரியாகப் போட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கோடவுனுக்குப் போகிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு உட்காரப் போகிறேன். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு கேள்வியாவது கேட்கும்வரை ஒருவர் கையிலும் காகிதத்தைக் கொடுப்பதாக இல்லை.