மாவிலைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

ஒரு மனிதர் மேல் நான் பொய்ப் புகார் எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தால் அவருடைய வேலை போனது.

அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, பொதுமக்கள் அனுப்பும் புகார்க் கடிதங்களைப் படித்து, எது உண்மை, எது இட்டுக்கட்டியது என்று ஓரத்தில் குறிப்பெழுதிய ஆள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

மனைவி இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் இருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, கிள்ளானில் மகளோடு இருக்க வந்தேன். அவள் தனியாக இருப்பவள். வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்கள் இணையம் வழியாக அழைப்பார்கள். இவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதில் சொல்வாள். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். நடுவில் அறுந்துபோகும் ஒவ்வோர் அழைப்பும் அவள் பெயரில் பதிவாகும்.

அந்த வீட்டில் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். வந்த முதல் மாதமே துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைச் சரியாக மாட்டாமல் கூடம் முழுக்கத் தண்ணீர். அடுத்து, மின்விளக்கு மாற்ற நாற்காலியில் ஏறி விழுந்து, இடுப்பில் அடி. மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் மகள் சொன்னாள்: "இன்னொரு தடவ நாற்காலி மேல ஏறுனீங்க, நேரா முதியோர் ஹோம்லதான் கொண்டுபோய் விடுவேன், பாத்துக்குங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இணையம் போட வந்தவர் பக்கத்தில் இருக்கும் காப்பார் என்ற ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, முழங்கை வரை வெயில் கறுப்பு. இணைய நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக் கம்பெனியில் வேலை. வெளியே கம்பத்திலிருந்து மெல்லிய வெள்ளை வயர் ஒன்றை இழுத்து, வாசல் நிலைக்கு மேலே துளை போட்டு உள்ளே கொண்டுவந்து, தொலைக்காட்சி பக்கத்தில் சின்னப் பெட்டியில் முடித்தார். நான் கூடவே நின்று வேடிக்கை பார்த்தேன்.

"அங்கிள், இது செம்புக் கம்பி இல்ல. உள்ள கண்ணாடி, தலைமுடி மாதிரி. வெளிச்சம்தான் போவுது. லேசா வளைக்கலாம். ஆனா மடிக்கக் கூடாது. மடிச்சா வெளிச்சம் வெளிய கொட்டிரும்."

"எனக்குத் தெரியும்பா," என்றேன். தெரியாது.

பொங்கலுக்கு முன்னால் மகள் வீட்டுக்குச் சாயம் அடித்தாள். அதில் வாசலுக்கு மேல் இருந்த பழைய ஆணிகள் போய்விட்டன. அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த காலை நேரத்தில், மாவிலைத் தோரணம் கட்டுவதற்காக நான் நாற்காலியில் ஏறினேன். இரண்டு புது ஆணிகள் அடித்தேன். அந்த வெள்ளை வயர் குறுக்கே தொங்கி, பார்க்க அசிங்கமாக இருந்தது. அதை இழுத்து வலது பக்க ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நகராமல் இருக்க ஆணியின் தலையை இன்னும் ஒரு தட்டுத் தட்டினேன். மேலே மாவிலையைக் கட்டியதும் வயர் இருந்த இடமே தெரியவில்லை. அழகாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மகள் வந்து பார்த்து, "யாருப்பா கட்டுனா?" என்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றேன். அது முதல் பொய். சின்னதுதான்.

எங்கள் வீடுகளில் பொங்கல் முடிந்தாலும் தோரணத்தைக் கழற்ற மாட்டோம். இலை காய்ந்து, சுருண்டு, பழுப்பாகி, அடுத்த விசேஷம் வரும்வரை அங்கேயே தொங்கும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அதே வாரத்தில் இணையம் மந்தமானது. மகள் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பாள். ஒரு வட்டமும் முள்ளும் வரும். நூறைத் தாண்டிப் போக வேண்டிய முள், ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் நடுங்கிக்கொண்டு நின்றது. மோடத்தை அணைத்துப் போட்டாள். அதை மேசையிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து மாடிப்படிக்கும் மாற்றினாள். மடிக்கணினிக்குப் போகும் வயரைப் புதிதாக வாங்கினாள். உதவி எண்ணுக்கு அழைத்தால், அணைத்துப் போடுங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அவள் அறைக்கு வெளியே செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரியும் ஏறாது. "ஹலோ, கேக்குதா? ஹலோ?" என்று ஆங்கிலத்தில் அவள் குரல் உயரும். ஒரு நாளில் எத்தனை 'ஹலோ' என்று எண்ணத் தொடங்கினேன்.

காப்பார்க்காரர் முதல் தடவை வந்தபோது கம்பத்துப் பெட்டியில் இணைப்பை மாற்றினார். ஒரு நாள் பரவாயில்லை. மறுநாள் பழையபடி. இரண்டாவது தடவை, மகளின் மதிய இடைவேளையில் வந்தார். அவள் சமையலறையில் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பேனா போன்ற கருவியைப் பெட்டியில் செருகினார். அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வயருக்குள் போகுமாம். கம்பத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க ஏணியோடு வெளியே போனார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். என்னவோ உறுத்த, அண்ணாந்து பார்த்தேன். காய்ந்த மாவிலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. குங்குமப் பொட்டு அளவு. ஆணி இருக்கும் இடம். வெளிச்சம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். "இங்க வந்து பாருங்க" என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான் அந்த இலையை விரலால் நகர்த்திப் புள்ளியை மறைத்தேன்.

அவர் உள்ளே வந்தார். "வெளிச்சம் ரொம்ப மங்கலா வருது அங்கிள். வீட்டுக்குள்ளதான் எங்கயோ லீக்காவுது. யாராச்சும் வயரத் தொட்டீங்களா?"

"இல்லையே."

அவர் வாசலைப் பார்த்தார். கையைத் தூக்கினார். "இந்தத் தோரணத்தக் கொஞ்சம் கழட்டிப் பாக்கட்டுமா? நானே திரும்பக் கட்டிடுறேன்."

"வேண்டாம் வேண்டாம்," என்றேன். "பொங்கலுக்குக் கட்டினது. நடுவுல கழட்டுனா வீட்டுக்கு ஆகாது. சாமி காரியம், கை வைக்காதீங்க."

உயர்ந்த கை அப்படியே இறங்கியது. "சரி அங்கிள். சாமி விஷயம்னா வேண்டாம்," என்றார்.

கோயிலுக்கு மாதம் ஒரு முறைகூட ஒழுங்காகப் போகாதவன் நான். அவருடைய பக்தியைத் தெரிந்துகொண்டே அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போதும் இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாக மாட்டினார். முள் ஒன்பதுக்குப் போய் நின்றது. மகள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"ரெண்டு தடவ வந்தாச்சு. இன்னும் சரியாவலன்னா என்னண்ணே அர்த்தம்? வேல தெரிஞ்சவங்கள அனுப்பச் சொல்லுங்க லா."

"சாரிம்மா," என்றார். தோரணத்தை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பிற்பகல், மகள் அறைக் கதவை மூடியதும், நான் நாற்காலியில் ஏறிச் சுற்றைப் பிரிக்கப் பார்த்தேன். ஆணித் தலை வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்தாள். அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல். இன்னும் இரண்டு வாரத்தில் அழைப்புகள் அறுபடுவது குறையாவிட்டால் வேலை உறுதியாகாது.

"அப்பா, நீங்க ஒரு கம்ப்ளைன் லெட்டர் எழுதுங்கப்பா. உங்க இங்கிலீஷுக்கு அவனுங்க பயப்படுவானுங்க."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு, என்னால் ஒரு காரியம் ஆகும் என்று அவள் சொன்னது அதுதான் முதல் முறை. உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஓர் எழுத்துப்பிழை இல்லை. கவனக்குறைவான வேலை என்று எழுதினேன். 'வீட்டினுள் உள்ள வயரைச் சோதிக்க மறுத்துவிட்டார்' என்று எழுதினேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு வந்து கையெழுத்திட்டேன்.

நாலாம் நாள் வேறு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முன்னால், மகள் குளிக்கப் போன நேரத்தில், தோரணத்தை எடுத்து, திருப்புளியால் நெம்பி ஆணியைப் பிடுங்கி, வயரை விடுவித்தேன். வந்தவர் வயரில் இருந்த மடிப்பைத் தடவிப் பார்த்து, "இங்க மடிஞ்சிருக்கு. முன்ன வந்த ஆளு செஞ்ச வேலையா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். புது வயர் இழுத்தார். முள் நூறைத் தாண்டி ஓடியது. மகள் கைதட்டினாள். அவள் வேலை உறுதியானது.

நான் தூங்கினேனா, சாப்பிட்டேனா என்று நினைவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு மதியம், மகள் கைப்பேசியில் சாப்பாடு வரவழைத்திருந்தாள். வாங்கப் போனேன். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தவர் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கினார். காப்பார்க்காரர்.

"அங்கிள்! லைன் இப்ப ஓகேயா?"

"ஓகே. நீங்க... இந்த வேலையிலயா?"

"ஆமா அங்கிள். அந்த கம்பெனில மூணு கம்ப்ளைன் வந்தா பேர எடுத்துடுவாங்க. உங்களது மூணாவது." பொட்டலத்தை நீட்டினார். "சூப்பர்வைசர் படிச்சுக் காட்டுனாரு. நல்லா எழுதியிருந்தீங்க. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. உள்ள பாக்க மாட்டேன்னு நான் எப்ப அங்கிள் சொன்னேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அதற்குள் அவருக்கு அடுத்த ஆர்டர் வந்துவிட்டது; வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொட்டலத்தை மேசையில் வைத்ததும் மகளிடம் சொன்னேன். நாற்காலி, ஆணி, சிவப்புப் புள்ளி, சாமி காரியம், கடிதம் எல்லாவற்றையும். முடிந்ததும், "ஏன்பா அப்பவே சொல்லல?" என்றாள்.

"ஹோம்ல விட்டுடுவேன்னு சொன்னியே."

"அது ஜோக்குப்பா," என்றாள். பிறகு, "அந்த அண்ணன வேல தெரியாதவர்னு என் வாயாலயே பேசுனேன்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். சாப்பாடு ஆறிப்போனது.

மறுநாள் இன்னொரு கடிதம் எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. வயரை மடித்தது நான், சோதிக்க விடாதது நான், முதல் கடிதம் பொய். தபாலில் போடாமல், சுபாங் ஜெயாவில் இருந்த அந்தக் குத்தகைக் கம்பெனியின் அலுவலகத்துக்கு வாடகைக் காரில் நானே கொண்டுபோனேன். முகப்பில் இருந்த பெண் இரண்டு முறை படித்தாள்.

"அங்கிள், கேஸ் குளோஸ் ஆயிருச்சு லா. அவர் பேரு சிஸ்டத்துலயே இல்ல."

"இருக்கட்டும்மா. என் நகல்ல 'பெற்றுக்கொண்டோம்'னு ஒரு முத்திரை மட்டும் குத்திக் குடு."

குத்திக் கொடுத்தாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாளா, சிரிப்பை அடக்கினாளா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பழைய வேலைச் சீட்டில் இருந்த எண்ணில் முகவரி கேட்டுக்கொண்டு, மகள் காரில் என்னைக் காப்பாருக்கு அழைத்துப் போனாள். அவர் வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மகளும் அவரிடம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முத்திரை குத்திய கடித நகலை வாங்கினார்.

"அன்னிக்கே சந்தேகந்தான் அங்கிள். தோரணத்து மேல ஆணி புதுசா மின்னுச்சு. ஆனா சாமின்னு சொல்லிட்டீங்க." படித்தார். "இத வச்சு நான் என்ன செய்ய?"

"வேற கம்பெனில காட்டலாம். என் நம்பரும் எழுதியிருக்கேன்."

உட்காரச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், "பாத்துப் போங்கம்மா, அந்தப் பக்கம் ரோட்டுல குழி," என்றார்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. வேறொரு கம்பெனியின் மேலாளர். கடிதம் உண்மைதானா என்று கேட்டார். கூடத்தில் மகள் இருந்தாள். எழுந்து வேறு அறைக்குப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"வயரை மடித்தது யார்?"

"நான்."

"கழற்ற வேண்டாம் என்றது?"

"நான்தான்."

"ஏன்?"

"பயந்துவிட்டேன்," என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் காப்பார்க்காரரிடமிருந்து கைப்பேசியில் ஒரு வரி வந்தது. வேலை கிடைத்துவிட்டது, பந்திங் பக்கம். காப்பாரிலிருந்து தினமும் அங்கே போய்வருவதை நினைத்து, 'ரொம்பத் தூரமாச்சே' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது.

'தூரந்தான் அங்கிள். பரவால்ல. இப்பல்லாம் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்ன வயர போட்டோ எடுத்து வச்சிக்கிறேன்.'